முட்டைக்கோஸ் சூப்புக்கு மூன்று நாள் அட்மிஷன்

ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு தெளிவோடுதான் வீடு திரும்புகிறார்கள். விடியற்காலையில் எழுந்து நடக்கிறார்கள். சர்க்கரை இல்லாத காபியைக் குடித்துக்கொண்டு நமக்குப் புத்தி சொல்கிறார்கள். நான் முட்டாளாகப் போய்ப் படுத்தேன். ரெண்டு கிலோ இளைத்த முட்டாளாகத் திரும்பி வந்தேன். அதை எழுதச் சொல்லி நச்சரித்தவன் என் சிநேகிதன் எபநேசர். "நீ எழுதுனா நாலு பேரு உசாராவாங்க மாப்ளே" என்றான். நாலு பேர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்பதைத்தான் அவன் அப்படி நாகரிகமாகச் சொன்னான்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் இந்த அசட்டுத்தனம் யாருக்கும் விளங்காது. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேப்பைப் பார்த்துக்கொள்கிறேன். எங்களிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒரு துண்டுத் துணியை அனுப்பி, "இந்த நிறம் வேண்டும்" என்பார். உள்ளங்கை அகலத்துக்கு மூன்று துணியில், கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாக அந்த நிறத்தை ஏற்றி, ஏ, பி, சி என்று எழுதி அனுப்புவோம். லேப் டிப் என்று பெயர். அவர் ஒன்றுக்குத் தலையாட்டிய பிறகுதான் மொத்தத் துணியும் சாயத்தில் இறங்கும். இருபத்தாறு வருஷமாக எனக்கு இதுதான் பிழைப்பு. "சிவப்புன்னு ஒரு நெறமே கெடையாதுங்க. சிவப்புக எத்தனையோ இருக்கு. எல்லாத்தையும் எனக்குப் பேர் சொல்லிக் கூப்பிடத் தெரியும்" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். இந்தப் பீற்றலைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எபநேசர் சோமனூர்க்காரன். எங்களிடம் சாயம் போடும் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். அதாவது பையரிடம் எங்களுக்காகவும், எங்களிடம் பையருக்காகவும் திட்டு வாங்குகிற வேலை. எங்கள் நிறங்களைப் பார்த்து ஓகே சொல்லும் பையரம்மா ஒருத்தி, பனி பெய்யும் ஏதோ ஒரு ஊரில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வாட்ஸப் குரூப்பில் தன் ராத்திரிச் சாப்பாட்டைப் படம் எடுத்துப் போட்டாள். முட்டைக்கோசும் சாசேஜும் போட்ட சூப். கரண்டியை நட்டால் நிற்கும்போல அத்தனை கெட்டி. நிறம் அருமையான செங்கல் சிவப்பு. இது உங்கள் ஊரில் கிடைக்காது, பாவம் நீங்கள் என்று கீழே ஒரு வரி வேறு.

விட்டுத் தொலைத்திருக்கலாம். நான் பதில் போட்டேன்: எந்த நிறமானாலும் எங்களால் முடியும், திங்கட்கிழமைக்குள் சாம்பிள் வரும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நான் மட்டும்தான். என் மனைவி சுமதி கொமரலிங்கத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அன்று கந்த சஷ்டியின் மூன்றாம் நாள். ஆறு நாளும் அவளுக்குப் பாலும் பழமும்தான். வீட்டில் முட்டைகூட உடையக் கூடாது. எனக்கு ஐம்பது முடிந்த வருஷத்திலிருந்து இந்த விரதம் இருக்கிறாள். யாருக்காக என்று அவள் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. என் அப்பா ஐம்பத்து மூன்றில் குடல் புற்றால் போனார். ரத்தம் போனதை மூலம் என்று சொல்லி ஒரு வருஷம் எல்லாரிடமும் மறைத்தார். எனக்கு இப்போது ஐம்பத்தொன்று. இதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது?

அப்படிப்பட்ட விரதத்தின் நடுநாளில், எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு கோல்டு ஸ்டோரேஜ் கடையில் சிக்கன் சாசேஜ் பாக்கெட் ஒன்றை வாங்கி, சட்டைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான். அடுத்த வீட்டுக்காரர் பார்த்திருந்தால் திருட்டுச் சரக்கு என்று நினைத்திருப்பார்.

செய்முறையை எபநேசர் பையரம்மாவிடமே கேட்டு அனுப்பியிருந்தான். அடி கனத்த பாத்திரம் வேண்டும் என்பது முதல் வரி. எங்கள் வீட்டில் அடி கனத்த பெரிய பாத்திரம் ஒன்றுதான். சுமதியின் பெயர் வெட்டிய எவர்சில்வர் பாத்திரம், கல்யாணத்துக்கு அவள் அம்மா கொடுத்தது. விரத நாட்களில் அதில்தான் பால் காய்ச்சுவாள். அதை எடுத்தேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

சாசேஜை வட்டம் வட்டமாக நறுக்கி எண்ணெயில் ஓரம் முறுகும்வரை வதக்கி எடுத்து வைத்தேன். அந்தக் கொழுப்பிலேயே வெங்காயம், பூண்டு. பிறகு அரைக் கோஸை விரல் நீளத்துக்கு அரிந்து போட்டேன். பாத்திரம் நிறைய நின்ற கோஸ், கிளறக் கிளறச் சுருண்டு அடியில் போய் உட்கார்ந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகு, பிரியாணி இலை, முங்கத் தண்ணீர். முக்கால் மணி நேரம் சின்னத் தீ. கடைசியில் சாசேஜைத் திரும்பப் போட்டு ஒரு கரண்டி வினிகர். வாசம் என்னவோ நன்றாகத்தான் வந்தது. ஒரு கிண்ணம் குடித்துப் பார்த்தேன், சொர்க்கம். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

படத்தோடு ஒப்பிட்டேன். என் சூப் வெளிறிக் கிடந்தது. படம் எடுத்து "ஏ" என்று அனுப்பினேன். மஞ்சள் அதிகம் என்று பதில் வந்தது. மிளகாய்த்தூளும் தக்காளியும் சேர்த்து "பி" அனுப்பினேன். மங்கல், சிவப்பு பத்தாது என்றாள். இருபத்தாறு வருஷமாக இதே வார்த்தைகளைக் கேட்டு ரத்தம் கொதித்தவன் நான். ஃபிரிட்ஜைத் திறந்தேன். கீழ்த் தட்டில் ரெண்டு பீட்ரூட். துருவி, பிழிந்து, சாற்றை ஸ்பூன் ஸ்பூனாக அளந்து ஊற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, துருவலையும் உள்ளே தள்ளி, "சி" அனுப்பினேன். சி ஓகே, மொத்த ஆர்டரையும் தொடங்கலாம் என்று சிரிக்கும் பொம்மையோடு பதில் வந்தது. அந்தக் குஷியில் பாத்திரத்தில் இருந்ததை முழுவதும் நானே காலி செய்தேன். சாட்சியம் மிஞ்சக் கூடாதில்லையா? பாத்திரத்தைப் புளி போட்டு மூன்று தடவை தேய்த்து, இருந்த இடத்திலேயே கவிழ்த்து வைத்தேன்.

திங்கள் காலை பாத்ரூமில் குனிந்து பார்த்தேன். சிவப்பு.

எங்கள் பாத்ரூமில் எரிவது பழைய மஞ்சள் குண்டு பல்பு. லேப்பில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், மஞ்சள் பல்புக்குக் கீழே எந்த நிறத்தையும் தீர்மானிக்காதே என்பது. ஒரு வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தெரியும் ரெண்டு சிவப்புகள், பகல் வெளிச்சத்தில் மாமனும் மச்சானுமாகப் பிரிந்து நிற்கும். இதற்கென்றே லேப்பில் ஒரு விளக்குப் பெட்டி இருக்கிறது. அந்தப் பாடத்தை நடத்துகிற வாத்தியார் மஞ்சள் பல்புக்குக் கீழே நின்றுகொண்டு ஒரே நொடியில் தீர்ப்பு எழுதினார்: ரத்தம். கடைசிக் கட்டம். அப்பாவுக்கு வந்தது.

தண்ணீரை ஊற்றிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். முதல் பஸ் பிடித்து வந்து சேர்ந்த சுமதி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஏனுங்க, என்னாச்சு?"

"ரத்தம் போகுது அம்மிணி."

என் கையைப் பிடித்து எழுப்பி ஆட்டோவில் ஏற்றினாள். அப்பாவைப் போல மறைக்காமல் உடனே சொன்னேனே என்று வழியெல்லாம் என்னை நானே மெச்சிக்கொண்டேன். எதை மறைத்தேன் என்பது அப்போது ஞாபகமே இல்லை.

ஆஸ்பத்திரி வரவேற்பறை ஒரு தனி உலகம். அங்கே உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும் அரை டாக்டர்கள். பக்கத்து நாற்காலிக்காரர், கேட்காமலேயே, "ரத்தம்னா மூணு மாசமுங்க. எங்க பெரியப்பனுக்கு அப்படித்தானுங்க" என்றார். அவர் வந்தது கால் ஆணிக்கு. ஆனாலும் அவர் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, மூன்று மாசத்தில் எந்தெந்த ஆர்டர் முடியும் என்று யோசித்தேன். உயில் எழுத நினைத்தேன். எழுத என்ன இருக்கிறது, ஒரு வீடும் ஒரு மொபெட்டும்.

டாக்டர் என்னைவிட இருபது வயது சின்னவர். சிரித்த முகம். சாகப்போகிறவன் முன்னால் என்ன சிரிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவின் கதையைக் கேட்டதும் சிரிப்பைக் குறைத்துக்கொண்டார்.

"நேத்து என்னங்க சாப்பிட்டீங்க?"

பக்கத்தில் சுமதி. மூன்று நாள் பட்டினியில் கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"ரசஞ்சோறுங்க. அப்பளம்."

"சிவப்பா ஏதாவது? டிராகன் ஃப்ரூட், பீட்ரூட், கலர் போட்ட கேக்கு?"

"பீட்ரூட்டை நான் தொடறதே இல்லீங்க."

"ஆமாங்க டாக்டர்" என்றாள் சுமதி. "பொரியல் வெச்சாக்கூட ஓரமா ஒதுக்கி வெச்சிருவாருங்க. கல்யாணம் ஆன நாள்ல இருந்து பாக்கறனுங்க."

ரசஞ்சோறு பொய், ஒப்புக்கொள்கிறேன். பீட்ரூட் விஷயத்தில் நான் சொன்னது உண்மை என்றே நம்பினேன், சத்தியமாக. என் புத்தியில் நான் பீட்ரூட் சாப்பிடவே இல்லை, சூப்பின் நிறத்தை, எங்கள் பாஷையில் சேடு, சரிபண்ணினேன். சாயத்தைப் போய் யாராவது சாப்பாட்டில் சேர்ப்பார்களா? இப்படி ஒரு மண்டை ஊரில் வேறு யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள், சங்கம் வைக்கலாம்.

பிரஷர் பார்த்தார்கள். நூற்றெண்பதைத் தாண்டியது. அட்மிட் செய்துவிட்டார்கள். ரத்தப் பரிசோதனையில் ரத்தம் குறைந்ததாகத் தெரியவில்லை. மலத்தில் கலந்திருக்கும் ரத்தத்தைக் கண்டுபிடிக்க ஒரு பரிசோதனை உண்டு. அதற்குச் சாம்பிள் வேண்டும். பயத்தில் என் வயிறு கதவை இழுத்துச் சாத்திவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் நான் சாம்பிள் கொடுக்கத் தவறியது அந்த ஒரு தடவைதான். கடைசியில் டாக்டர், அப்பாவுக்கு இருந்ததால் கொலனோஸ்கோப்பி பார்த்துவிடலாம் என்றார். நுனியில் கேமரா வைத்த வளையும் குழாயைப் பின்வாசல் வழியாக விட்டுப் பெருங்குடல் முழுவதையும் திரையில் பார்ப்பது. மயக்க ஊசி போடுவார்கள், வலிக்காது. அதற்கு முன்னால் குடல் கழுவிவிட்ட தொட்டிபோல் இருக்க வேண்டும்.

கழுவுகிற வேலை செவ்வாய்க்கிழமை. உப்பையும் எலுமிச்சையையும் சண்டை மூட்டிவிட்ட மாதிரி ருசியில் ரெண்டு லிட்டர் தண்ணீர், கால் மணிக்கு ஒரு டம்ளர். கையில் ஊசிக் குழாய் வேறு. நர்ஸ் செல்வி தென்காசிப் பக்கத்துப் பெண்.

"என்ன அண்ணாச்சி, இப்படி வெளுத்துப் போய் இருக்கிய? குடிங்க."

"ஒரு வேளை போயிட்டன்னா, இந்தத் தண்ணியா தங்கச்சி நான் கடைசியாக் குடிச்சது?"

"சாவுதவிய இப்படி நிமிசத்துக்கொரு தரம் பாத்ரூமுக்கு ஓட மாட்டாவ. குடிங்க, பேசாம."

சுமதி கட்டிலோரத்தில் உட்கார்ந்து முருகன் பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பால் காய்ச்சி, ஒரு டம்ளர் குடித்துவிட்டுத் திரும்பி வருவாள். என் வேட்டியைத் துவைத்து, இஸ்திரி போட்டு எடுத்து வருவாள். சாகப்போகிறவனுக்கு இஸ்திரி எதற்கு என்றேன். "வாயக் கழுவுங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அவள் அழுவதை நான் அப்போதுதான் பார்த்தேன். அதுவரை நான் என் சாவில் மும்முரமாக இருந்தேன்.

அன்று சாயங்காலம் எபநேசர் வந்தான். கையில் ஆரஞ்சுப் பழம். எனக்கு அதைச் சாப்பிடத் தடை. அதனால் அவனே உரித்துத் தின்றுகொண்டு கட்டில் தலைமாட்டில் நின்று கண்ணை மூடி ஜெபித்தான். ஆமென் சொன்ன வாயாலேயே கேட்டான்:

"மாப்ளே, பையரம்மா கேட்டுட்டே இருக்கா. அந்த சி ஆப்ஷன்ல ரெட்டுக்கு என்ன சேத்துனே? திருப்பி வெச்சா அவளுக்கே அந்தச் சேடு வர்லியாமா."

எனக்குத் தொழில் பெருமை தலைக்கேறியது. சாகும்போதுகூட ஏறும்.

"பீட்ரூட்டு. ரெண்டு. துருவிப் பிழிஞ்சு..."

குளுக்கோஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்த செல்வியின் கை நின்றது. "அண்ணாச்சி, என்னது?"

நான் சொன்னதை என் காதே அப்போதுதான் கேட்டது. துருவல் முழுவதும் எங்கே போனது, எங்கே வெளியே வந்தது, எந்தப் பல்புக்குக் கீழே நான் அதைப் பார்த்தேன். எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் ஓங்கிச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பினால், சுமதி.

எபநேசரை அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவன் பையரம்மா, படம், சூப், சாசேஜ் என்று பயத்தில் எல்லாவற்றையும் கக்கினான். அவள் முகம் மாறவே இல்லை. கடைசியில் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எந்தப் பாத்திரத்துலீங்க?"

நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன். அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது.

"ரெண்டு நாளா அதுலதான் பால் காச்சிக் குடிச்சேன்" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "உங்களுக்காகத்தானுங்க இருந்தேன்."

முதல் தடவையாக அவள் அதைச் சொன்னாள். பிரஷர் அப்போது பார்த்திருந்தால் மிஷினே உடைந்திருக்கும்.

டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் முடிந்தவரை அடக்கிப் பார்த்தார். முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று சிரித்தார். பிறகு சொன்னார். "பீட்ரூட் நிறம் சில பேருக்கு அப்படியே வெளிய வருமுங்க, ஒண்ணும் பண்ணாது. ஆனா அப்பாவுக்கு இருந்திருக்கு, உங்களுக்கும் வயசாச்சு. குடல் இப்பக் கழுவித் தயாரா இருக்கு. பாக்கறதா வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க."

"வேண்டாமுங்க, நான் ஊட்டுக்குப் போறேன்" என்று காலைக் கீழே வைத்தேன்.

"பாத்துருங்க டாக்டர்" என்றாள் சுமதி. "உள்ளயும் என்னத்த ஒளிச்சு வெச்சிருக்காருன்னு பாத்துருங்க."

புதன்கிழமை காலை பார்த்தார்கள். அன்று சஷ்டியின் ஆறாம் நாள், சூரசம்ஹாரம். ஊசி போட்டதுதான் தெரியும். கண் விழித்தபோது டாக்டர் முகத்தில் சிரிப்பு இல்லை.

ஒளிந்திருந்தது ஒன்று. பாலிப் என்றார். குடலின் உள்சுவரில் மரு மாதிரி முளைக்கும் சதை. பட்டாணி அளவு. கம்பிச் சுருக்குப் போட்டு அப்போதே அறுத்து எடுத்துவிட்டார். அதைப் பரிசோதிக்க அனுப்பியிருந்தார்கள். பயாப்ஸி என்றால் அதுதான், சதையை நுண்ணோக்கியில் வைத்துப் புற்று இருக்கிறதா என்று பார்ப்பது. பதில் வர எட்டு நாளாகும். மாலையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என் சாம்பிள் வேறொருவன் லேப்புக்குப் போனது. அந்த எட்டு நாளில் நான் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. இல்லாத ரத்தத்துக்கு அத்தனை ஆர்ப்பாட்டம் செய்தவன், நிஜமாகவே ஒன்று இருந்தபோது வாயைத் திறக்கவில்லை. சுமதியும் பேசவில்லை. சாப்பாடு வைப்பாள், போய்விடுவாள். லேப்பில் எந்தச் சிவப்பு வந்தாலும் விளக்குப் பெட்டியில் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். ஒரு நாள் ஓகே ஆன துணி ஒன்றை ரிஜெக்ட் செய்து, எபநேசரிடம் திட்டு வாங்கினேன்.

ஒன்பதாம் நாள் டாக்டர் போன் செய்தார். புற்று இல்லை. ஆனால் அப்படியே விட்டிருந்தால் வருஷங்கள் போகப் போகப் புற்றாக மாறக்கூடிய ஜாதி. எடுத்தாயிற்று, இனிப் பயமில்லை. மூன்று வருஷம் கழித்து வந்து மறுபடி பார்த்துக்கொள்ள வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். சுமதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள். பிறகு சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் கழுவும் சத்தம் வரவில்லை. வெறும் தண்ணீர் விழும் சத்தம்தான்.

அன்றே எபநேசர் ஓடிவந்து தன் ஜெபம்தான் காப்பாற்றியது என்றான். "சூப்புக் குடிக்க வெச்சதே கர்த்தருதான் மாப்ளே."

"உங்க கர்த்தரு சஷ்டில சாசேஜ் தின்னச் சொல்லுவாருங்களா?" என்றாள் சுமதி. ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம். "அந்தப் பீட்ரூட்டை ஃபிரிட்ஜுல வாங்கி வெச்சது நானு. வாங்க வெச்சது முருகன். மீதியெல்லாம் இவரு பண்ணுன கூத்து."

இந்தத் தீர்ப்பை எதிர்த்து அப்பீலுக்குப் போகும் தகுதி எனக்கு இல்லை.

மறுநாள் அந்தப் பாத்திரத்தைக் காணோம். தூக்கி எறிந்துவிட்டாள் என்றே நினைத்தேன். சாயங்காலம் பாத்திரக் கடையிலிருந்து திரும்பி வந்து என் முன்னால் வைத்தாள். அவள் பெயர் வெட்டியிருந்த இடத்துக்குக் கீழே, புதிதாகப் புள்ளி வைத்து வெட்டிய எழுத்தில் என் பெயர்: நாகராஜ். பால் காய்ச்ச அவளுக்கு வேறொன்று வாங்கியிருந்தாள்.

"இது இனி உங்களுது. என்ன கருமத்த வேணும்னாலும் பண்ணிக் குடிங்க. ஒளிச்சு மட்டும் பண்ணாதீங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவள் முன்னாலேயே அந்தப் பாத்திரத்தில் கோஸ் சூப் வைத்தேன். பீட்ரூட் இல்லை; நிறம் வெளிறித்தான் இருந்தது. எந்த பையரும் ஒத்துக்கொள்ளாத நிறம். சுமதி ஒரு கிண்ணத்தில் வாங்கி, ஒரு வாய் குடித்து, சாசேஜ் வட்டம் ஒன்றைக் கரண்டியால் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இதுக்கா?"

ஆனாலும் இன்னொரு கிண்ணம் வாங்கினாள்.

மறுநாள் காலை பாத்ரூமுக்குள் போனால், மஞ்சள் குண்டு பல்பு இருந்த இடத்தில் புதிதாக வெள்ளை டியூப் லைட். எப்போது ஆளை வைத்து மாட்டினாள் என்று தெரியவில்லை. அதைப் போடாமலே உள்ளே நின்றுகொண்டிருக்கும்போது வெளியே கதவோரத்தில் அவள் கால் நிழல் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து தினமும் அந்த நிழல் அங்கே நிற்கிறது. நான்தான் கவனிக்கவில்லை.

"ஏனுங்க?"

"ஒண்ணுமில்ல அம்மிணி. எல்லாம் சரியா இருக்குது."

நிழல் நகரவில்லை.

"லைட்டப் போட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

சுவிட்சைப் போட்டேன். போட்டுக் குனிந்து பார்த்துவிட்டு அதையே மறுபடி சொன்னேன்.